பத்து நாளில் மறைந்த ஈரமும் பிளாஸ்மா பாலிமர் பூச்சும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிலிகோன் சிறுநீர்க் கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் மென்குழாய்) செய்யும் ஒரு சிறு நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஒருவர் என்னிடம் கேட்டிருந்தது இதுதான்: "பூச்சு வேலை செய்து தரும் ஒருவரிடம் எங்கள் கதீட்டர்களைக் கொடுத்து, ஆக்சிஜன் பிளாஸ்மாவில் ஒரு நிமிடம் வைத்து வாங்கினோம். வந்த அன்று தண்ணீர் அதன் மேல் படர்ந்து ஓடியது. பத்து நாள் கழித்துப் பார்த்தால் பழையபடி முத்து முத்தாக நிற்கிறது. இப்போது அவர், 'அது வெறும் பிளாஸ்மா சார், இனி பிளாஸ்மா பாலிமர் பூச்சாகவே போட்டுத் தருகிறேன், நிரந்தரமாக நிற்கும், கிருமியும் அண்டாது' என்கிறார். இதை நம்பி ஆர்டர் கொடுக்கலாமா?"

நிரந்தரமாக நிற்கும் என்பதைச் சில நிபந்தனைகளோடு நம்பலாம். கிருமி அண்டாது என்பதை நம்ப வேண்டாம். இந்த இரண்டுக்கும் காரணம் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் விரிவாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது. நீங்கள் பணம் கொடுத்து வாங்கப் போவது கண்ணுக்குத் தெரியாத, எடை போட்டும் பார்க்க முடியாத ஒரு பொருள். உங்கள் 16 ஃபிரெஞ்ச் (குழாயின் பருமனைச் சொல்லும் அளவு) கதீட்டர் சுமார் 40 சென்டிமீட்டர் நீளமும் 5.3 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் உடையது. அதன் வெளிப்பரப்பு முழுவதும் 50 நானோமீட்டர் தடிமனில் பூச்சு ஏறினால், ஏறிய மொத்தப் பொருளின் எடை ஒரு மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும்.

முதலில் பெயரில் உள்ள குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கொரோனா காலத்துக்குப் பிறகு நம் ஊரில் பிளாஸ்மா என்றாலே இரத்தத்தின் மஞ்சள் நிறத் திரவம்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. இங்கே பேசுவது மின்சாரம் பாய்ந்து அயனியான வாயுவை. 1928இல் இர்விங் லாங்மியூர் அதற்கு இந்தப் பெயரை வைத்தபோது இரத்தப் பிளாஸ்மாவைத்தான் மனத்தில் கொண்டிருந்தார் என்பார்கள். ஆகவே குழப்பத்துக்கு மூலகாரணமே அவர்தான். இன்னொரு குழப்பம் எலும்பு மருத்துவக் கருவிகள் விற்பவர்களிடமிருந்து வருவது. இடுப்பு மூட்டுத் தண்டுகளின் மேல் எலும்பில் உள்ள கனிமமான ஹைட்ராக்சி அபடைட்டின் தூளைப் பிளாஸ்மா ஸ்பிரே முறையில் படியவைப்பார்கள். அது பத்தாயிரம் டிகிரி வெப்பத்தில் தூளை உருக்கி அடிக்கும் வேலை. பூச்சு பல பத்து மைக்ரான் தடிமன் இருக்கும். பொருளும் பீங்கான் வகை. உங்கள் சிலிகோனை அதன் அருகில் கொண்டுபோனால் கருகிவிடும். "நாங்கள் இருபது வருடமாகப் பிளாஸ்மா பூச்சு போடுகிறோம்" என்று ஒருவர் சொன்னால், இந்த இரண்டில் எது என்று கேட்டுவிடுவது நல்லது.

நமக்கு வேண்டிய குளிர்ந்த பிளாஸ்மாவை நீங்கள் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பழைய டியூப் லைட்டுக்குள் குறைந்த அழுத்தத்தில் ஆர்கானும் பாதரச ஆவியும் ஒளிர்கின்றன. உள்ளே எலக்ட்ரான்களின் வெப்பநிலை பத்தாயிரம் டிகிரிக்கு மேல் இருக்கும்போதும் கண்ணாடியைக் கையால் தொட முடிகிறது, ஏனென்றால் எலக்ட்ரான்கள் மட்டுமே வேகமாக ஓடுகின்றன, கனமான அணுக்கள் அறையின் வெப்பத்திலேயே நிற்கின்றன. பூச்சுக் கலத்திலும் இதே நிலைதான். எஃகு அல்லது கண்ணாடிக் கலத்தை வேக்குவம் பம்ப் வைத்துக் காற்று நீக்கி, வேண்டிய வாயுவை 0.1 முதல் 1 மில்லிபார் வரையிலான அழுத்தத்தில், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் பத்தாயிரத்தில் ஒன்று முதல் ஆயிரத்தில் ஒன்று வரை, மெல்ல உள்ளே விட்டு, பெரும்பாலும் 13.56 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மின்திறன் கொடுக்கிறார்கள். உள்ளே ஓடும் எலக்ட்ரான்களுக்குச் சராசரியாக 1 முதல் 5 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்கும். கரிமப் பொருள்களில் கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையே உள்ள ஒற்றைப் பிணைப்பை உடைக்க ஏறக்குறைய 3.6 எலக்ட்ரான் வோல்ட் போதும். சிலிகோன் சூடேறாமலேயே அதன் மேற்பரப்பில் வேதியியல் நடப்பதன் இரகசியம் இந்த இரண்டு எண்களுக்குள் இருக்கிறது.

உங்கள் முதல் முயற்சி ஏன் பத்து நாளில் வீணாயிற்று என்பதைப் பார்ப்போம். ஆக்சிஜன் பிளாஸ்மா எதையும் மேலே படியவைப்பதில்லை. சிலிகோனின் மேல்தோலில் உள்ள மெத்தில் தொகுதிகளைப் பிய்த்துவிட்டு அந்த இடத்தில் ஆக்சிஜன் உள்ள தொகுதிகளை வைக்கிறது. அந்தத் தோல் மணற்கண்ணாடியைப் போல நீரை விரும்பும். ஆனால் அதற்குக் கீழே இருப்பது சிலிகோன் ரப்பர். அதன் சங்கிலிகள் அறை வெப்பத்தில் ஏறக்குறையத் திரவத்தைப் போல நெளிந்துகொண்டே இருப்பவை. இடையிடையே பிணைக்கப்படாத சிறு மூலக்கூறுகளும் எண்ணெயாக ஊறிக் கிடக்கின்றன. நீரை விரும்பும் தோல் காற்றோடு முகம் கொடுத்து நிற்பது ஆற்றல் கணக்கில் செலவான காரியம். ஆகவே அந்தத் தொகுதிகள் உள்பக்கம் திரும்பிக்கொள்கின்றன. தோலில் விழுந்த நுண்ணிய வெடிப்புகள் வழியாகக் கீழிருந்து எண்ணெய் மேலேறி மூடிவிடுகிறது. சில மணி நேரத்திலிருந்து சில வாரங்களுக்குள் சிலிகோன் தன் பழைய முகத்துக்கு வந்துவிடும். பூச்சுக்காரர் உங்களை ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். சிலிகோனின் குணம் அப்படி. உடனே தண்ணீரில் போட்டு வைத்திருந்தால் இன்னும் சில நாள் தாங்கியிருக்கும்.

பிளாஸ்மா பாலிமர் பூச்சில் வாயுவுக்குப் பதில் ஒரு கரிமப் பொருளின் ஆவி கலத்துக்குள் போகிறது. அமீன் தொகுதிகள் வேண்டுமென்றால் அல்லைலமீன், கார்பாக்சில் வேண்டுமென்றால் அக்ரிலிக் அமிலம், நீரை ஒட்டவிடாத பரப்பு வேண்டுமென்றால் ஹெக்சாமெத்தில்டைசிலாக்சேன், புரதம் ஒட்டாத பரப்பு வேண்டுமென்றால் டெட்ராகிளைம் போன்ற ஈதர்கள். எலக்ட்ரான்கள் மோதி இந்த மூலக்கூறுகள் உடைகின்றன. இணையற்ற எலக்ட்ரானோடு நிற்கும் தனி உறுப்புகளும் அயனிகளும் பிறக்கின்றன. அவை மேற்பரப்பில் வந்து விழுந்து, அங்கே ஏற்கெனவே உடைந்து நிற்பவற்றோடு கைகோத்துப் படலமாகின்றன. பாடப்புத்தகத்தில் படித்த பாலிமர், ஒரே அலகு மீண்டும் மீண்டும் வரும் சங்கிலி. இது அப்படி இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் குறுக்குப் பிணைப்புகள் உள்ள, ஒழுங்கற்ற வலை. மோனோமராக, அதாவது பாலிமருக்கான மூலப்பொருளாக, பயன்பட வழக்கமான இரட்டைப் பிணைப்புகூட வேண்டியதில்லை. எத்தனாலிலிருந்தும் படலம் வரும். பரப்பின் மேலேயே முளைத்து வளர்வதால் இந்த வலை சிலிகோனிலும் ஒட்டும், டைட்டானியத்திலும் ஒட்டும், கண்ணாடியிலும் ஒட்டும். வலை நெருக்கமாக இருந்தால் கீழிருந்து வரும் சிலிகோன் எண்ணெயைத் தடுத்து நிறுத்தவும் செய்யும். உங்கள் பூச்சுக்காரர் நிரந்தரம் என்று சொன்னதன் பின்னால் இருக்கும் அறிவியல் இதுதான். அதில் தவறு இல்லை.

ஆனால் 'அக்ரிலிக் அமிலப் பூச்சு' என்று சொல்லிவிட்டால் என்ன பூச்சு என்று தெரிந்துவிட்டதாக நினைப்பதுதான் இந்தத் துறையில் நடக்கும் பெரிய பிழை. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 5 கன சென்டிமீட்டர் ஆவி உள்ளே போகிறது என்றால், நொடிக்கு ஏறத்தாழ 22 ஆயிரம் கோடி கோடி மூலக்கூறுகள் போகின்றன. 20 வாட் திறன் கொடுத்தால் ஒரு மூலக்கூறுக்கு விழும் பங்கு சுமார் 56 எலக்ட்ரான் வோல்ட். 2 வாட் மட்டும் கொடுத்தால் 5.6. இதில் பெரும்பகுதி ஒளியாகவும் கலச் சுவரின் சூடாகவும் போய்விடும் என்றாலும், 3.6 எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு பிணைப்பு உடையும் இடத்தில் 56 என்பது மூலக்கூறைச் சுக்குநூறாக்கும் அளவு. அப்படி உருவாகும் படலத்தில் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கார்பாக்சில் தொகுதிகளில் பெரும்பாலானவை கரியமில வாயுவாகப் பம்ப் வழியே வெளியே போயிருக்கும். மிஞ்சுவது கெட்டியான, உறுதியான, ஆனால் பெயருக்கு மட்டும் அக்ரிலிக் அமிலமான ஒரு கரிப்படலம். ஹிரோட்சுகு யசுடா என்ற ஆய்வாளர் இதைத்தான் ஒரே விகிதமாக எழுதிக் காட்டினார்: கொடுக்கும் திறனை, ஆவி பாயும் வேகத்தாலும் அதன் மூலக்கூறு எடையாலும் வகுக்க வேண்டும். இந்த விகிதத்தைச் சொல்லாமல், 'இருபது வாட், பத்து நிமிடம்' என்று மட்டும் சொல்லும் செய்முறை பாதிச் செய்முறைதான். வேறொரு கலத்தில் அதே இருபது வாட் வேறொரு பொருளைத் தரும்.

அப்படியானால் திறனைக் குறைத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். குறைத்தால் தொகுதிகள் பிழைக்கும், வலை தளர்ந்துபோகும். தளர்ந்த வலையில் குறுக்குப் பிணைப்பு போதாத சிறு துண்டுகள் சிக்கிக் கிடக்கும். தண்ணீர் பட்டதும் அவை கரையும். படலம் ஊதி, சுருங்கி, சில சமயம் முழுதாக உரிந்தே வந்துவிடும். தொகுதிகளும் வேண்டும், உறுதியும் வேண்டும் என்பது ஒன்றுக்கொன்று இழுபறி. இதற்கு நடுவழியாக வந்தது துடிப்புப் பிளாஸ்மா: மின்திறனை மில்லி நொடிக் கணக்கில் விட்டுவிட்டுக் கொடுப்பது. மின்திறன் உள்ள நேரத்தில் தனி உறுப்புகள் பிறக்கின்றன. இல்லாத நேரத்தில் முழு மூலக்கூறுகள் நிதானமாக வந்து அவற்றோடு சேர்கின்றன. நல்ல வழிதான், ஆனால் எல்லா மோனோமருக்கும் ஒரே அளவு பலன் தருவதில்லை. முதல் சில நானோமீட்டரை அதிகத் திறனில் கெட்டியாகப் போட்டு, பிறகு திறனைக் குறைத்து மேல்தோலை மென்மையாக முடிப்பது என் அனுபவத்தில் அதைவிட எளிய, நம்பகமான முறை.

இந்த இடத்தில் என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் மாதம், சென்னையில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த வாரத்தில், அல்லைலமீன் பூச்சு போட்டுக்கொண்டிருந்தோம். கலத்தைத் திறந்து மூடும் சில நிமிடங்களில் உள்சுவரில் ஈரம் ஏறிவிடும். வழக்கமாக அரைமணி நேரத்தில் இறங்கும் அழுத்தம் அந்த வாரத்தில் ஒரு மணி நேரம் ஆகியும் இறங்காமல் நின்றது. மழைதான் காரணம் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டு, பொறுமை இழந்து பூச்சைத் தொடங்கினோம். ஒளிரும் நிறத்தில் வழக்கத்தைவிட ஓர் இளஞ்சிவப்புச் சாயல் இருந்ததை எங்களோடு இருந்த மாணவி கவனித்துச் சொன்னாள், நான் பொருட்படுத்தவில்லை. மறுநாள் நீர்த்துளி வைத்துச் சேர்கோணம் (துளியின் விளிம்பு பரப்போடு சேரும் கோணம்) அளந்தபோது எப்போதும் வருவதைவிடப் பதினைந்து டிகிரிபோலக் குறைவாக வந்தது. பரப்பு நீரை முன்னைவிட நன்றாக ஏற்கிறது, பூச்சு மேம்பட்டுவிட்டது என்று மகிழ்ந்து, அந்தத் தொகுப்பையே செல் வளர்ப்பவர்களிடம் கொடுத்தோம். செல்கள் ஒட்டவில்லை. பிறகு பரப்பில் உள்ள தனிமங்களைக் காட்டும் எக்ஸ்பிஎஸ் கருவியில் பார்த்தபோது நைட்ரஜன் பாதியாகக் குறைந்து ஆக்சிஜன் மலையாக நின்றது. கதவை இறுக்கமாக மூடும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு தலைமுடி சிக்கியிருந்தது. அதன் வழியே ஈரக்காற்று கசிந்து உள்ளே வந்துகொண்டே இருந்திருக்கிறது. அந்த இளஞ்சிவப்பு, காற்றில் உள்ள நைட்ரஜனின் நிறம்.

நீர்த்துளி பொய் சொல்லவில்லை. பரப்பு நீரை ஏற்கிறதா என்று கேட்டோம், ஏற்கிறது என்று அது சொன்னது. பரப்பில் இருப்பது அமீனா என்று அதனிடம் கேட்டிருக்கவே முடியாது. எக்ஸ்பிஎஸ் என்பது மேலிருந்து சுமார் 10 நானோமீட்டர் ஆழம் வரை எந்தத் தனிமம் எத்தனை சதவீதம், கார்பன் எவற்றோடு பிணைந்திருக்கிறது என்று சொல்லும் முறை. கை சீக்பான் அதை வளர்த்தெடுத்ததற்காக 1981இல் நோபல் பரிசு பெற்றார். ஹைட்ரஜன் மட்டும் அதன் கண்ணுக்குத் தெரியாது. சென்னையில் பெரிய கல்வி நிறுவனங்களில் கட்டணம் செலுத்தினால் வெளியாருக்கும் அளந்து தருவார்கள். எல்லாக் கதீட்டருக்கும் அல்ல, ஒரு தொகுப்புக்கு ஒரு மாதிரி போதும்.

இத்தனை சிக்கல் உள்ள முறையை யாராவது உண்மையிலேயே மனித உடலில் பயன்படுத்தியிருக்கிறார்களா என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் சிக்கலுக்கு மிக நெருக்கமான உதாரணம் காண்டாக்ட் லென்ஸ். இரவும் பகலும் அணியக்கூடிய சிலிகோன் ஹைட்ரோஜெல் லென்ஸ்கள் 1990களின் கடைசியில் சந்தைக்கு வந்தன. சிலிகோன் ஆக்சிஜனைத் தாராளமாக விடும் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் சிலிகோன் கண்ணீரை வெறுக்கும், கொழுப்பை இழுக்கும். லோட்ராஃபில்கான் வகை லென்ஸில் சுமார் 25 நானோமீட்டர் தடிமனுள்ள, இடைவெளி இல்லாத பிளாஸ்மா பூச்சை ஏற்றினார்கள். பாலாஃபில்கான் என்ற போட்டி வகையில் பூச்சு ஏற்றாமல், மேற்பரப்பில் இருந்த சிலிகோனையே ஆக்சிஜனேற்றம் செய்து கண்ணாடி போன்ற சிலிகேட் திட்டுகளாக மாற்றினார்கள். இரண்டுமே விற்றன, இரண்டையுமே இலட்சக்கணக்கானோர் அணிந்தார்கள். நீங்கள் ஒரு நிமிட ஆக்சிஜன் பிளாஸ்மாவில் தோற்ற அதே சிலிகோன் குடும்பத்தை அவர்கள் வென்றார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒரு வசதி அவர்களுக்கு இருந்தது: லென்ஸ் கடைசிவரை உப்புநீரிலேயே மூழ்கி இருக்கும், அதன் மேற்பரப்பு உள்பக்கம் திரும்பிக்கொள்ள அவ்வளவாகக் காரணம் இல்லை.

இன்னொன்று தீக்காயம். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவைப் பற்றிக் கேள்விப்படாத சென்னைவாசி இருக்க மாட்டார். பெரிய தீக்காயத்தில் தோல் ஒட்டுவதற்கு நோயாளியின் உடலிலேயே நல்ல தோல் மிச்சம் இருக்காது என்பதும் அங்கே உறவினரைப் பார்க்கப் போனவர்களுக்குத் தெரியும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உருவான மைஸ்கின் என்ற தயாரிப்பில், நோயாளியின் சிறு தோல் துண்டிலிருந்து வளர்த்தெடுத்த செல்களை ஒரு சிலிகோன் வட்டின் மேல் வைத்து, அந்த வட்டைக் காயத்தின் மேல் கவிழ்த்து வைத்தார்கள். வட்டின் மேல் இருந்தது அக்ரிலிக் அமிலத்தின் பிளாஸ்மா பாலிமர். அங்கே வேலை மிக நுணுக்கமானது. செல்கள் வட்டில் ஒட்டி உயிரோடு இருக்க வேண்டும், காயத்தைக் கண்டதும் வட்டை விட்டுவிட்டு அதற்குத் தாவவும் வேண்டும். கார்பாக்சில் தொகுதிகள் சில சதவீதம் இருந்தபோதுதான் தோல் செல்கள் நன்றாக ஒட்டின. நிறைய இருந்தால் நல்லது என்ற கணக்கு அங்கே எடுபடவில்லை. நீரை விரும்பும் பரப்பு உடலுக்கு உகந்த பரப்பு என்று விற்பனைத் தாள்களில் எழுதியிருப்பதை இந்த ஒரு அனுபவமே உடைத்துவிடும். பெரும்பாலான செல்கள் முழுக்க ஈரமான பரப்பையும் விரும்புவதில்லை, முழுக்க உலர்ந்த பரப்பையும் விரும்புவதில்லை.

இரத்தத்தைத் தொடும் பரப்புகள் பற்றிச் சுருக்கமாக மட்டும் சொல்கிறேன், உங்கள் பொருள் அதுவல்ல என்பதால். எந்தப் பரப்பை இரத்தத்தில் வைத்தாலும் செல் வந்து சேர்வதற்கு வெகு முன்பே, சில நொடிகளில், புரதங்கள் அதை மூடிவிடுகின்றன. முதலில் வந்த அல்புமினை ஃபைப்ரினோஜன் தள்ளிவிட்டு உட்காரும், பிறகு அதையும் வேறொன்று தள்ளும். லியோ விரோமன் கண்டறிந்த இந்த இடமாற்றத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. செல்லோ தட்டணுவோ தொடுவது உங்கள் பூச்சை அல்ல, அதன் மேல் உட்கார்ந்துள்ள புரதத்தை. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்டி ராட்னர் குழுவினர் டெட்ராகிளைம் பூச்சில் ஃபைப்ரினோஜன் ஒட்டுவதைச் சதுர சென்டிமீட்டருக்குச் சில நானோகிராம் வரை குறைத்துக் காட்டினார்கள். சாதாரணப் பரப்பில் அது சில நூறு நானோகிராம் இருக்கும்.

இனி உங்கள் கதீட்டருக்கு வருகிறேன். இங்கேதான் பூச்சுக்காரரின் 'கிருமி அண்டாது' என்ற வாக்குறுதி நொறுங்குகிறது. நாள்பட்டுக் கதீட்டர் வைத்திருப்பவர்களுக்கு வரும் பெரிய தொல்லைகளில் ஒன்று அடைப்பு. புரோட்டியஸ் மிராபிலிஸ் என்ற பாக்டீரியா யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குகிறது, சிறுநீர் காரமாகிறது, மெக்னீசியமும் கால்சியமும் பாஸ்பேட் உப்புகளாகப் படிந்து குழாய் அடைபடுகிறது. இந்தப் படிவு சேருமிடம் கதீட்டரின் நுனியில் 'கண்' எனப்படும் துவாரமும் உட்குழாயும். நீங்கள் பூச்சுப் போட்டு வாங்கும் கதீட்டரில் பூச்சு எங்கே இருக்கிறது? வெளியே. கலத்துக்குள் தொங்கவிடப்பட்ட கதீட்டரின் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உட்குழாய்க்குள் பிளாஸ்மா தானாக நுழைந்து ஒளிர்வதில்லை. இந்த அழுத்தத்தில் பிளாஸ்மாவுக்கும் திடப்பரப்புக்கும் இடையில் உள்ள இருண்ட உறையே மில்லிமீட்டர் கணக்கில் இருப்பதால், அந்தக் குழாயில் அதற்கு இடம் போதாது. வாயில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வரை தனி உறுப்புகள் பரவி ஏதோ கொஞ்சம் படியும், நடுவில் ஒன்றும் இருக்காது. உள்ளே பூசத்தான் வேண்டுமென்றால் ஆவியைக் குழாய்க்குள்ளேயே ஓடவிட்டு, அழுத்தத்தைக் கூட்டி, வெளியிலிருந்து மின்முனையை நீளவாக்கில் நகர்த்தும் தனி அமைப்பு தேவை. அப்படி ஓர் அமைப்பு அவரிடம் உண்டா என்று கேளுங்கள்.

உள்ளே பூசினாலும் சிறுநீரில் ஊறும் எந்தப் பரப்பின் மேலும் புரதமும் உப்பும் ஒரு படுகையாகப் படியத்தான் செய்யும். பூச்சின் வேதியியல் அதோடு மறைந்துவிடும். பாக்டீரியா வந்து சேர்வதைச் சில நாள் தள்ளிப்போடும் பூச்சுகள் இருக்கின்றன. வெள்ளியைக் கீழே வைத்து, அதன் மேல் பிளாஸ்மா பாலிமரைப் போர்த்தி, வெள்ளி அயனி வெளியேறும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது நல்ல யோசனையும்கூட. ஆனால் வெள்ளி தீர்ந்தால் பாதுகாப்பும் தீர்ந்தது. தவிர, வெள்ளியை வெளிவிடும் கதீட்டரை உரிம அதிகாரிகள் வெறும் கதீட்டராகப் பார்க்க மாட்டார்கள்.

உங்கள் உண்மையான தேவை என்ன என்று யோசித்துப் பார்த்தால், நோயாளிக்கு எரிச்சல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும் என்பதாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அதற்குப் பிளாஸ்மா பாலிமரை மட்டும் நம்பாதீர்கள். 50 நானோமீட்டர் வலையால் நீரைப் பிடித்துவைத்து வழுக்கலைத் தர முடியாது. அது பாலிவினைல்பைரோலிடோன் போன்ற, நீரில் ஊதும் ஹைட்ரோஜெல் பூச்சின் வேலை. கரைசலில் முக்கி எடுத்தே போட்டுவிடலாம். பிரச்சினை, அந்த ஹைட்ரோஜெல் சிலிகோனில் ஒட்டாமல் தோல் உரிவதைப் போல உரிந்துவிடும் என்பது. அந்த இடத்தில்தான் பிளாஸ்மா பாலிமருக்கு உண்மையான வேலை. அமீன் அல்லது கார்பாக்சில் தொகுதிகள் உள்ள மெல்லிய படலத்தைச் சிலிகோனின் மேல் பசையைப் போலப் போட்டு, அந்தத் தொகுதிகளோடு ஹைட்ரோஜெல்லைச் சகப்பிணைப்பால் கோத்துவிடலாம். இத்தனை வருடங்களில் நான் பார்த்தவற்றில், கடைசி முகமாக வைக்கப்பட்ட பிளாஸ்மா பாலிமர்களைவிட இடைப் பசையாக வைக்கப்பட்டவைதான் அதிகம் ஜெயித்தன. இடைப் பசை வெளியுலகத்தைச் சந்திப்பதில்லை என்பதால் அதன் மூப்பும் குறைவு. அமீன் படலங்கள் காற்றில் கிடந்தால் வாரக்கணக்கில் ஆக்சிஜனேற்றம் அடைந்து அமைடாக மாறிக்கொண்டே போகும், ஆகவே பூசிய அன்றோ மறுநாளோ அடுத்த அடுக்கைப் போட்டுவிட வேண்டும்.

சிலிகோனுக்கே உரிய இரண்டு எச்சரிக்கைகள். வார்த்தெடுத்த சிலிகோனை முழுதாகப் பதப்படுத்தாமல், வழக்கமாகச் செய்யும் 200 டிகிரி, நான்கு மணி நேர அடுப்பு வேலையைச் சுருக்கிவிட்டு, அப்படியே பூச்சுக்கு அனுப்பாதீர்கள். உள்ளே தங்கிய எளிதில் ஆவியாகும் சிலாக்சேன்கள் வேக்குவத்தில் வெளியே வந்து, பிளாஸ்மாவில் கலந்து, நீங்கள் கேட்காத இன்னொரு மோனோமராகிவிடும். அடுத்தது, கதீட்டரை இழுப்பார்கள், வளைப்பார்கள், அதை உள்ளே நிறுத்திவைக்கும் பலூனை ஊதுவார்கள். குறுக்குப் பிணைப்பு மிகுந்த படலம் நீளாது. காய்ந்த ஏரியில் வண்டல் வெடிப்பதைப் போலப் பிளந்து, அந்தப் பிளவுகளின் வழியே சிலிகோன் எண்ணெய் மேலேறிப் பழைய கதை திரும்பும். பலூன் பகுதியை மறைத்துவிட்டுப் பூசச் சொல்வதே என் யோசனை.

கிருமி நீக்கத்தைக் கடைசியில் நினைத்துக்கொள்ளும் பழக்கம் நம் ஊரில் அதிகம். 121 டிகிரி நீராவியில் பல அமீன், ஈதர் படலங்கள் தாக்குப்பிடிக்காது. 25 கிலோகிரே (கதிர் அளவின் அலகு) காமாக் கதிர் படலத்திலும் பிணைப்புகளை உடைக்கும். எத்திலீன் ஆக்சைடு சூட்டால் கெடுக்காது என்றாலும் அமீனோடு நேரடியாக வினைபுரியும். எந்த முறையில் கிருமி நீக்கம் செய்யப்போகிறீர்களோ அந்த முறைக்குப் பிறகு அளந்த எண்தான் எண். அதற்கு முன் அளந்தது ஆய்வகத்துக்கு உதவும், நோயாளிக்கு உதவாது. சட்டப்படியும் ஒரு விஷயம் உண்டு. 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளின்படி, உரிமம் பெற்ற கருவியின் கட்டுமானப் பொருளை மாற்றுவது பெரிய மாற்றம். முன் அனுமதி வேண்டும். பூச்சு எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் உடலைத் தொடப்போவது அதுதான் என்பதால், மருத்துவக் கருவிகளின் உயிரியல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 10993 தர வரிசையின்படி செல் நச்சுத்தன்மை, எரிச்சல், ஒவ்வாமைச் சோதனைகளைப் பூசிய, கிருமி நீக்கிய கதீட்டரின் மேல் புதிதாகச் செய்தாக வேண்டும். கதீட்டர் உடலில் இருப்பது 24 மணி நேரத்துக்குள்ளா, 30 நாளுக்குள்ளா, அதற்கு மேலா என்பதைப் பொறுத்துச் சோதனைகளின் பட்டியல் நீளும்.

ஆகவே ஆர்டர் கொடுக்கும் முன் இப்படிச் செய்யுங்கள். பூச்சுக்காரரிடம், கதீட்டர்களுக்கு நடுவே பளபளப்பான சிலிக்கான் (சிலிகோன் அல்ல, மின்னணுச் சில்லுகள் செய்யும் தனிமம்) வில்லைத் துண்டுகளை இரண்டு மூன்று இடங்களில் வைத்துப் பூசித் தரச் சொல்லுங்கள். கலத்தின் மேல்பக்கம் ஒன்று, அடியில் ஒன்று, ஆவி நுழையும் வாய்க்கு அருகில் ஒன்று. சிலிக்கான் துண்டின் மேல் 50 நானோமீட்டர் படலம் மங்கிய தவிட்டு நிறமாகத் தெரியும், நூறை நெருங்கினால் கரு ஊதாவாகும், இன்னும் ஏறினால் நீலமாகும். மூன்று துண்டுகளும் மூன்று நிறத்தில் வந்தால் உங்கள் கதீட்டர்களும் மூன்று விதமாகத்தான் பூசப்பட்டிருக்கின்றன. கருவி எதுவும் இல்லாமல் ஜன்னல் வெளிச்சத்திலேயே இதைப் பார்த்துவிடலாம். பிறகு துண்டுகளைப் பாதிவரை 37 டிகிரி உப்புநீரில் இரண்டு வாரம் ஊறவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் கழுவி உலர்த்துங்கள். ஊறிய பாதிக்கும் ஊறாத பாதிக்கும் நடுவே கோடு தெரிந்தால் படலம் கரைந்திருக்கிறது. கோடு தெரியாத துண்டை மட்டும் எக்ஸ்பிஎஸ்ஸுக்கு அனுப்புங்கள், கரைந்ததற்குப் பணம் செலவழிக்க வேண்டாம். கதீட்டர்களையும் அதேபோல ஊறவைத்து, இருபது முறை மடக்கி நிமிர்த்தி, கிருமி நீக்கி, ஒரு மாதம் அலமாரியில் வைத்த பிறகு நீர்த்துளி வைத்துப் பாருங்கள்.

அந்த ஒரு மாதமும் அவற்றைப் பாலித்தீன் ஜிப் கவரில் மட்டும் போட்டு வைக்காதீர்கள். கவர் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருப்பதற்காக அதில் சேர்க்கும் வழுக்குப் பொருள் இரண்டே நாளில் உங்கள் பூச்சின் மேல் ஏறிவிடும். பிறகு பூச்சுக்காரர் மேல் பழி போடுவீர்கள். சுத்தமான அலுமினியத் தாளில் சுற்றி, மூடியுள்ள கண்ணாடிச் சாடியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்தால் போதும். எடுக்கும்போது பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.